தாயகம் மீண்ட வெண்செரி



பிறந்த மண்ணில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட பூமரம் ஒன்று, கடல்கடந்த நாட்டுத் தோட்டத்திலிருந்து தாயகம் மீண்ட வரலாற்றை இன்று கூறுவோம்.

யப்பானியர் செரிமரத்தைக் கனியினும் மலருக்காகவே போற்றி வளர்த்தவர்கள். தோக்குகாவா ஆட்சிக் காலத்தில், எடோ நகரத்துப் பிரபுக்களின் தோட்டங்களிற் பலவகைச் செரிகள் பேணப்பட்டன. 1868இல் அவ்வாட்சி வீழ்ந்தது, தோட்டங்களும் அழியலாயின. எஞ்சியவற்றுள் 78 வகைகள் 1886இல் அரக்காவா ஆற்றங்கரையில் நடப்பட்டன. ஆயினும், நாடெங்கும் புதிதாக நடப்பட்டவற்றுட் சோமேய் யொஷினோ என்னும் ஒரு வகையே மேலோங்கிற்று. அது விரைந்து வளர்வது. இலை தளிர்க்குமுன் மரமெல்லாம் மலர்வது. நமது ஒட்டுமாங்கன்று போல ஒட்டுமுறையாற் பெருக்கப்படுவதால், அம்மரங்கள் யாவும் ஒரே மரத்தின் படிகள் எனலாம். ஆகவே, ஓரிடத்து மரங்கள் ஒருங்கே பூத்து ஒருங்கே உதிரும். அக்காட்சியில் மயங்கியோர் பிறவகைகளை மறந்தனர்.

இங்கிலாந்திலே, கொலிங்வூட் இங்கிராம் என்பார் 1919இல் கென்ற் மாகாணத்துப் பெனன்டன் என்னும் ஊரிற் குடியேறிச் செரிவகைகளைத் திரட்டலானார். 1923இல், சசெக்ஸ் மாகாணத் தோட்டமொன்றிற் பட்டுப்போகும் நிலையில் ஒரு மரம் நிற்கக் கண்டார். அதன் மலர்கள் பெரியவை; தூவெண்மையானவை. அதன் கொப்புகளைக் கொணர்ந்து ஒட்டி வளர்த்தார்.

1926இல் அவர் யப்பானுக்குச் சென்றார். அரக்காவாக் கரைச் செரிகளைக் காத்துவந்த பூனாட்சு செய்சாக்கு என்னும் முதியவர், தம் முன்னோர் தீட்டிய பழைய ஓவியமொன்றைக் காட்டி, அவ்வெண்செரி அழிந்துவிட்டது என்றார். அதுவே தம் தோட்டத்து மரம் என இங்கிராம் உணர்ந்தார்.

அதைத் திருப்பியனுப்புதல் எளிதன்று. முதலில் அனுப்பிய ஒட்டுக்குச்சிகள் நெடும்பயணத்தில் உலர்ந்து பட்டன. பின்னர், குச்சிகளின் அடியை உருளைக்கிழங்கிற் செருகிச் சைபீரியப் புகையிரத வழியாக அனுப்பினார். கிழங்கின் ஈரம் உயிரைக் காத்தது. 1932இல் அவை கியோத்தோவில் ஒட்டுப் பிடித்துத் தழைத்தன. இன்று அவ்வகையைத் தாய்ஹாகு என்பர். பெருவெண்மை என்பது அதன் பொருள்.

இங்கிராம் 1981இல், தமது நூறாவது வயதில் மறைந்தார். ஒரே வகையைப் போற்றி ஏனையவற்றைக் கைவிடும் நாடு, தன் செல்வத்தைத் தானறியாமலே இழக்கின்றது. யாரோ ஒருவர் வேறோரிடத்திற் காத்துவைத்திருந்தால் மட்டுமே அது மீளும். எல்லாவற்றுக்கும் அத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை.