இனப்படுகொலை: பெயர்ப் பட்டியலில் தொடங்கும் பேரழிவு

எந்தக் கலவரம் நடந்தாலும் ‘இனப்படுகொலை’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இச்சொல்லுக்குச் சர்வதேசச் சட்டத்தில் திட்டவட்டமான பொருள் உண்டு. அதைத் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவு அன்று. ஒரு பேரழிவு எங்கே தொடங்குகிறது, அதை எந்தக் கட்டத்தில் தடுக்கலாம் என்பதற்கான விடையும் அதில் இருக்கிறது.

சொல்லும் சட்டமும்

போலந்தைச் சேர்ந்த யூத வழக்கறிஞர் ரபேல் லெம்கின் இச்சொல்லின் ஆங்கில மூலத்தை 1944-இல் உருவாக்கினார். நாஜிகளின் கொலைகளில் தம் உறவினர் பலரை இழந்தவர் அவர். அவருடைய இடைவிடாத முயற்சியால் 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலை உடன்படிக்கையை ஏற்றது.

தேசியம், இனம், குலம், மதம் ஆகியவற்றால் அடையாளம் காணப்படும் ஒரு குழுவை, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் ஐந்து செயல்களை அது குற்றமாக்குகிறது: கொல்லுதல், உடலுக்கோ மனதுக்கோ கடுமையான தீங்கு செய்தல், அழிந்துபோகும்படியான வாழ்க்கை நிலையைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், பிள்ளைகளைப் பறித்து வேறு குழுவிடம் ஒப்படைத்தல். நோக்கத்தை நிரூபிப்பதே இதில் மிகக் கடினமான பகுதி. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மட்டும் வைத்து நீதிமன்றம் தீர்ப்பளிப்பதில்லை.

கொழும்பு, 1983

தமிழ் பேசும் நமக்கு மிக அருகில் நடந்தது இலங்கையின் கறுப்பு ஜூலை. 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் கொழும்பில் தொடங்கிய வன்முறையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர்.

இது ஒரு வாரத்தில் முளைத்த வெறுப்பு அன்று. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் தடுத்திருக்க வாய்ப்பு இருந்தது; தடுக்கவில்லை. 1983-க்குப் பிறகு அலை அலையாகத் தமிழகம் வந்தவர்களின் குடும்பங்கள் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டி முகாமில் இன்றும் வாழ்கின்றன.

காத்தான்குடி, யாழ்ப்பாணம், 1990

ஏழு ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் முஸ்லிம்களின் முறை வந்தது. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புலிகள் இதை மறுத்தார்கள். உயிர் தப்பியவர்கள் புலிகளையே குற்றம் சாட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் பறிகொடுத்துவிட்டு நடந்தவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். அது ஓர் அரசியல் தவறு என்று 2002 ஏப்ரலில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார்.

இவ்வாறு ஒரு பகுதியிலிருந்து ஒரு சமூகத்தையே துடைத்தெறிவதை ‘இனச் சுத்திகரிப்பு’ என்கிறார்கள். அழிக்கும் நோக்கம் நிரூபிக்கப்பட்டால்தான் அது இனப்படுகொலை ஆகும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியேற்றியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் பேசியது ஒரே தமிழ். நேற்று அடி வாங்கியவர், இன்று அடிப்பவராக மாற முடியும். 1983-க்காக அழுதவர் 1990-ஐ மறைப்பதும், 1990-ஐப் பேசுபவர் 1983-ஐயோ 2009 முள்ளிவாய்க்காலையோ கண்டுகொள்ளாமல் விடுவதும் நீதி ஆகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிடக்கூடாது என்பதுதான் அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் நமக்குச் சொல்லும் பாடம்.

எங்கும் ஒரே வழி

1984-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபின் டெல்லியில் சீக்கியர் வீடுகளைக் கண்டுபிடிக்க வாக்காளர் பட்டியல்கள் பயன்பட்டன. அரசுக் கணக்கின்படி அந்நகரில் மட்டும் 2,733 பேர் இறந்தனர். ருவாண்டாவில் அடையாள அட்டையிலேயே இனம் எழுதப்பட்டிருந்தது. 1994-இல் சுமார் 100 நாள்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்ட அந்நாட்டில், துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று ஒரு வானொலி நாள்தோறும் ஏசியது. மியான்மரின் ரோஹிங்கியாக்கள் 1982 சட்டத்தால் குடியுரிமை இழந்தார்கள். 2017-இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டார்கள்.

இந்தப் படிகளை வரிசைப்படுத்தியவர் அமெரிக்க ஆய்வாளர் கிரிகரி ஸ்டாண்டன். பிரித்துப் பார்த்தல், அடையாளமிடுதல், மனிதத்தன்மையை மறுத்தல் எனத் தொடங்கி, கொலைக்குப் பின் ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று மறுப்பது வரை பத்துக் கட்டங்களை அவர் குறிப்பிடுகிறார். கொலை கடைசிக் கட்டங்களில்தான் வருகிறது.

தடுக்கும் கடமை

1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். 2007-இல் சர்வதேச நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றது. செர்பிய அரசு நேரடியாகச் செய்ததாக நீதிமன்றம் கூறவில்லை. ஆனால் தடுக்கும் கடமையிலிருந்து தவறியது என்று தீர்ப்பளித்தது. ஆபத்து இருப்பதை அறிந்த நொடியிலேயே அக்கடமை தொடங்கிவிடுகிறது. காம்பியா தொடுத்த வழக்கில் 2020-இல் மியான்மருக்கும், தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில் காஸாவுக்காக 2024 ஜனவரியில் இஸ்ரேலுக்கும் அந்நீதிமன்றம் இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்தது.

இந்தியா 1959-இல் உடன்படிக்கையை உறுதிசெய்தது. ஆயினும் இனப்படுகொலையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. 1984 வழக்கொன்றில் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்த டெல்லி உயர் நீதிமன்றம், 2018 தீர்ப்பில் இக்குறையைச் சுட்டிக்காட்டியது.

நம் தெருவில் செய்யக்கூடியவை

2018-இல் இலங்கை அம்பாறையில், முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டம் திகனயில் வன்முறை வெடித்தது. அவ்வாண்டு தன் தளத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளுக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020-இல் மன்னிப்புக் கேட்டது. இந்த அனுபவத்திலிருந்து நமக்குச் சில வேலைகள் இருக்கின்றன.

• ஒரு சமூகத்தையே பூச்சி, கிருமி, நோய் என்று பேசும் செய்தி எந்தக் குழுவில் வந்தாலும், அது நம்மவர் அனுப்பியதாயினும், நம் கைப்பேசியோடு நிற்கட்டும்.

• மிரட்டல், வதந்தி, தாக்குதல் ஆகியவற்றைத் தேதி, இடம், சாட்சியுடன் ஜமாஅத் பதிவுசெய்து, உடனே எழுத்துமூலம் காவல்துறையில் புகார் தர வேண்டும்.

• அக்கம்பக்கத்தாருடன் உறவை வளர்க்க வேண்டும். 1983-இல் கொழும்பில் பல தமிழர்களை ஒளித்துவைத்துக் காத்தவர்கள் அவர்களின் சிங்கள அண்டை வீட்டார்தாம்.

இந்த மூன்றாவது வேலைக்கு முன்மாதிரி பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் இருக்கிறது. அவ்வூர் சமத்துவபுரத்தில் தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. அன்றைய ஊராட்சித் தலைவர் இளங்கோ முன்னின்று செய்த ஏற்பாடு அது. ஒரு சுவர் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் அடுத்த வீட்டுக் குழந்தையின் பெயரும் அங்கே என்ன சமையல் என்பதும் தெரிந்தவருக்கு, அவ்வீட்டாரைப் பூச்சி என்று யாராவது சொன்னால் நம்புவது கடினம். பட்டியலோடு ஒரு கும்பல் தெருவுக்குள் வரும் நாளில், ‘இந்த வீட்டில் நீங்கள் தேடுபவர் யாரும் இல்லை’ என்று சொல்ல அந்த ஒருவர் வேண்டும். நாமும் பிறருக்கு அந்த ஒருவராக இருக்க வேண்டும்.