452 பெயர்கள்

பிள்ளைக்குக் காணி பூமி கொடுப்பதென்றால் நம்மவர்கள் நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி முடிப்பார்கள். 1791இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் பெருந்தோட்ட முதலாளி ஒருவர் அதே பெயரில் ஓர் உறுதி எழுதினார். அவர் கொடுத்தது காணியல்ல. தம்மிடம் அடிமைகளாயிருந்தோருக்கு அவர்களுடைய விடுதலையையே எழுதிக் கொடுத்தார். அவர் பெயர் ரொபர்ட் கார்ட்டர்.

1728இல் பிறந்தவர். பாட்டனாரை ஊரே ‘ராஜா’ கார்ட்டர் என்றழைத்தது, அவ்வளவு செல்வம். அரசியல் அவருக்கு இலேசில் கைகூடவில்லை. மக்கள் சபைத் தேர்தலில் இரு தடவை தோற்றார். 1758இல் ஆளுநரின் ஆலோசனைச் சபைக்கு நியமனம் பெற்றே உள்ளே போனார்.

1773இல் அவருடைய நொமினி ஹோல் மாளிகைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஃபித்தியன் என்ற இளைஞர் வந்தார். நானும் வாத்தியார் என்பதாலோ என்னவோ, முதலில் என்னைக் கவர்ந்தவர் இவர்தான். அங்கு நடந்த விருந்தையும் நடனத்தையும் நாட்குறிப்பில் எழுதிய அவர், அடிமை ஒருவருக்கு வாரத்துக்குக் கொஞ்சம் சோளமும் ஓர் இறாத்தல் இறைச்சியும்தான் என்பதையும் எழுதினார். அந்தப் பகுதியிலேயே இரக்கமுள்ள எசமான் கார்ட்டர்தான் என்றும் எழுதினார்!

1777இல் காய்ச்சலில் கிடந்த கார்ட்டருக்கு மனம் மாறியது. மறு ஆண்டு பப்ரிஸ்ற் சபையில் சேர்ந்து, அடிமைகளோடு ஒன்றாக வழிபட்டார். எசமானர்கள் விரும்பினால் அடிமைகளை விடுவிக்கலாமென 1782இல் சட்டம் வந்தது. பிறகும் ஒன்பது ஆண்டுகள் ஏன் காத்திருந்தார் என்று கேட்கத்தான் வேண்டும்.

அந்த உறுதியில் தமிழாசிரியன் ரசிப்பதற்கு ஒரு வசனமும் இல்லை. 452 பேரின் பெயர், வயது, இருப்பிடம். இன்னின்னார் இன்ன ஆண்டில் விடுதலை என்ற ஒழுங்கு. அவ்வளவே. மனிதர் யாவரும் சமம் என்று அழகாக எழுதிய ஜெஃபர்சனின் அடிமைகளில் நூற்றுக்கு மேற்பட்டோரை, அவர் இறந்தபின் கடனுக்காக ஏலத்தில் விற்றார்கள். வொஷிங்டன் தம் மரணசாசனத்தில்தான் விடுதலை எழுதினார். கார்ட்டரோ உயிரோடிருக்கும்போதே செய்தார். எழுத்தழகையே மாணவருக்குக் கற்பித்து வரும் எனக்கு இது சற்று உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அயலவர்கள் வெறுத்தார்கள். 1793இல் அவர் பால்ட்டிமோர் நகருக்குப் போய்விட்டார். அதன்பின் டோசன் என்ற போதகரே நீதிமன்றத்துக்கு அலைந்து, கார்ட்டரின் வாரிசுகளின் எதிர்ப்பையும் மீறி, ஆண்டுதோறும் விடுதலைப் பத்திரங்களை வாங்கிக் கொடுத்தார். 1804இல் கார்ட்டர் காலமானார். நொமினி ஹோலில் அடக்கம் செய்தார்கள், கல்லறைக்கல் நாட்டவில்லை. மாளிகையும் 1850இல் எரிந்து போயிற்று.