புகையை எங்கே அளப்பது?

1981ஆம் ஆண்டு குஜராத்தின் நான்கு சிற்றூர்களில், சமைக்கும் பெண்களின் உடலோடு சிறு காற்றளவிகள் பொருத்தப்பட்டன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் அவர்கள் அடுப்பின் முன் இருந்தனர். அந்நேரத்தில் அவர்கள் சுவாசித்த ஒவ்வொரு கனமீட்டர் காற்றிலும் சராசரியாக ஏறக்குறைய 7 மில்லிகிராம் துகள்கள் இருந்தன. 1983இல் வெளியான இவ்வாய்வின் முதன்மை ஆசிரியர் கிர்க் ஸ்மித்.

காற்று மாசு என்றாலே ஆலைப் புகைபோக்கியும் நகரச் சாலையும் நினைவுக்கு வந்த காலம் அது. அளவிகளும் பெரும்பாலும் நகரங்களிலேயே நிறுவப்பட்டிருந்தன. கிராமத்துச் சமையலறை எந்தத் துறையின் வரம்புக்குள்ளும் வரவில்லை. ஸ்மித் முதலில் பயின்றது இயற்பியலும் வானியலும். பின்னரே கலிபோர்னியாவின் பெர்க்லியில் சுற்றுச்சூழல் நலவியலில் முனைவர் பட்டம் பெற்றார். எரிசக்தி மூலங்களின் இடர்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் என்பதால், எவ்வளவு புகை வெளியேறுகிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. அதில் எவ்வளவு மனித நுரையீரலை எட்டுகிறது என்றும் கேட்டார். குறைந்த புகையாயினும் முகத்தருகே எழுந்தால் அதன் பெரும்பங்கு உடலுக்குள் செல்லும்.

இக்கேள்வியை அவர் நாற்பதாண்டுக் காலம் தொடர்ந்தார். குவாத்தமாலாவில் புகைபோக்கி பொருத்திய விறகடுப்புகளைக் கொண்டு அவர் குழு நடத்திய சமவாய்ப்புச் சோதனையின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன. குழந்தைகளிடையே கடும் நிமோனியா குறைந்தது. ஆனால் மொத்த நிமோனியாவில் உறுதியான வீழ்ச்சி தென்படவில்லை. விறகடுப்பைத் திருத்துவது மட்டும் போதாது, தூய எரிபொருளே ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு அவர் வந்தார்.

இந்திய நலவாழ்வு அமைச்சகம் அமைத்த காற்று மாசுக் குழுவின் 2015ஆம் ஆண்டு அறிக்கையும், மக்கள் உண்மையில் சுவாசிக்கும் அளவையே முதன்மைப்படுத்தியது. டெல்லி ஐஐடியின் அம்புஜ் சாகரும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அக்குழுவில் இருந்தனர். மறு ஆண்டு உஜ்வலா திட்டம் தொடங்கியது.

2020இல் ஸ்மித் மறைந்தார். எரிவாயு இணைப்பு பெற்ற பல வீடுகளில் விறகடுப்பு இன்னும் எரிகிறது. அடுத்த சிலிண்டரின் விலை அதற்கு முக்கியக் காரணம். இதனை ஆராய நச்சியல் அறிவு மட்டும் போதாது. குடும்ப வரவுசெலவும், வீட்டுக்குள் முடிவெடுப்பவர் யார் என்பதும் தெரிய வேண்டும். பொருளியலோ சமூகவியலோ பயின்ற மாணவர் இத்துறைக்கு அயலார் அல்லர். வானியல் பயின்றவர் ஒருவர் நுழைந்த துறை இது.