கனவை யாரிடம் சொல்வது?



போன வாரம் இரவு பத்து மணிக்குப் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளுடைய அத்தாவுக்கு இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். "சார், பல்லு விழுற மாதிரி கனவு கண்டேன். இப்னு சீரீன் கனவுப் பலன்னு போட்டிருந்ததைப் பார்த்தேன். சொந்தத்துல ஒரு மவுத்துன்னு இருக்கு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல சார்" என்று அழுதாள். அவளிடம் சொன்னதை, அவள் சம்மதத்தோடு, எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இப்னு சீரீன் ஈராக்கின் பஸ்ரா நகரத்து மார்க்க அறிஞர். துணி வியாபாரம் செய்தவர். கி.பி. 728-ல் காலமானார். அவர் பெயரில் இன்று விற்கும் கனவு அகராதிகள் அவர் எழுதியவை அல்ல. பிற்காலத்தார் தொகுத்து அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் அவரிடம் வந்தார்களாம். ஒருவரிடம் "ஹஜ்ஜுக்குப் போவீர்" என்றாராம். மற்றவரிடம் "திருட்டில் மாட்டுவீர்" என்றாராம். கனவு ஒன்றுதான், கண்ட ஆள்தான் வேறு. ஆளையே பார்க்காத அகராதி எப்படிப் பலன் சொல்லும்?

அந்தப் பாங்குக்கும் ஒரு கனவுக்கும் தொடர்பு உண்டு. மதீனாவில் தொழுகைக்கு மக்களை எப்படி அழைப்பது என்று ஆலோசனை நடந்த சமயம். அப்துல்லாஹ் இப்னு ஸைத் என்ற தோழருக்கு ஒருவர் கனவில் அந்த வாசகங்களைக் கற்றுக்கொடுத்தார். அவர் தாமாகவே போய் முழங்கிவிடவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சொன்னார். அவர்கள் உண்மைக் கனவென்று ஏற்ற பிறகே பிலால் (ரலி) அவர்களின் குரலில் பாங்கு ஒலித்தது.

இனி நான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்திய திப்பு சுல்தான். ஸ்ரீரங்கப்பட்டணம் சுற்றுலா நினைவிருக்கிறதா? 1799 மே 4 அன்று அந்தக் கோட்டை விழுந்து, திப்பு கொல்லப்பட்ட பிறகு, அவர் படுக்கையறையில் ஒரு கையேடு கிடைத்தது. தம் கைப்பட, பாரசீக மொழியில், 37 கனவுகளை எழுதியிருந்தார். இப்போது அது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. யாராவது பக்கத்தில் வந்தால் அதை மறைத்துவிடுவாராம். ஒரு கனவில் மூன்று வெள்ளித் தட்டுகளில் பேரீச்சம்பழம் வருகிறது. மூன்று எதிரிகளின் நாடுகளும் தம் கைக்கு வரும் என்று அவரே பலன் எழுதிக்கொண்டார். நடந்தது என்னவென்று நீங்கள் பாடத்தில் படித்ததுதான்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. நாலாபுறமும் எதிரிகள் சூழ்ந்த மனிதர், இரவில் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குத் தெரிந்திருந்தால், திப்புவை வெறும் ஆண்டுகளாக மட்டும் நடத்தியிருக்க மாட்டேன்.

கனவு மூன்று வகை என்கிறது நபிமொழி: இறைவன் தரும் நற்செய்தி, ஷைத்தான் காட்டும் பயம், மனிதன் தன் மனத்தோடு பேசிக்கொள்வது. நல்ல கனவை உன்மேல் பிரியம் உள்ளவரிடம் மட்டும் சொல். கெட்ட கனவை யாரிடமும் சொல்லாதே, இறைவனிடம் பாதுகாப்புத் தேடு, அது உனக்குத் தீங்கு செய்யாது. சின்ன வயதில் நான் அலறி எழுந்தால் எங்கள் உம்மா, "இடப்பக்கம் மூணு தடவை லேசாத் துப்பிட்டு, புரண்டு படுடா" என்பார். அது நபிவழி என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "அத்தாவுக்கு ஆபரேஷன்னு பயந்துக்கிட்டே படுத்தா கனவும் அந்தப் பயத்தோடதாம்மா வரும். பலனைத் தேடாதே. டாக்டர்கிட்டே சந்தேகத்தைக் கேளு. அத்தா பக்கத்துல போய் உட்காரு."

ஆபரேஷன் வரும் வெள்ளிக்கிழமை. எந்த மதத்தவராக இருந்தாலும் அவருக்காகப் பிரார்த்தியுங்கள்.