அந்நியரை நம்பும் கலை

கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்ட மலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று அவற்றின் பெயர்களே நம்மைப் பழைய காலத்துக்கு இட்டுச் செல்கின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே ஊருக்கு ஒரு தலைவர், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு ஒரு தலைவர் என்று வழக்குத் தீர்ப்போரின் அடுக்கு ஒன்று இருந்து வந்திருக்கிறது. ஊரில் தீராத வழக்கு நாட்டுக்குப் போகும். தீர்ப்புச் சொல்பவர் இன்னார், இன்னாருடைய மகன் என்பதை எல்லோரும் அறிவர். அவரை நம்பச் சான்றிதழ் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கால்பந்து நடுவர் இதற்கு நேர்மாறானவர். இரண்டு அணிக்கும் உறவில்லாதவராக இருப்பதே அவருடைய முதல் தகுதி. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் சொல்லுக்கு இருபத்திரண்டு பேர் ஏன் கட்டுப்பட வேண்டும்? நடுவர்களுக்கென்று தேர்வுகளும் படிநிலைகளும் தோன்றிய வரலாறு இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான்.

1863இல் இங்கிலாந்தில் கால்பந்துக்கு முதன்முதலாகப் பொதுவிதிகள் எழுதப்பட்டபோது நடுவர் என்றொருவர் அதில் இல்லை. சச்சரவுகளை அணித்தலைவர்களே பேசித் தீர்த்துக்கொண்டனர். கனவான்கள் வேண்டுமென்றே பிழை செய்யமாட்டார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. 1874இல் அணிக்கு ஒருவராக இரண்டு கண்காணிப்பாளர்கள் விதிகளில் இடம்பெற்றனர். ஆளுக்கொரு பக்கம் சார்ந்தவர்கள் எப்படி ஒத்துப்போவார்கள்? ஆகவே 1881இல் மூன்றாமவர் ஒருவர் வந்தார். அவரும் களத்துக்கு வெளியேதான் நின்றார், இருவரும் முரண்பட்டுக் கேட்டால் மட்டுமே வாய் திறந்தார். 1885இல் ஊதியம் பெறும் ஆட்டக்காரர்கள் அனுமதிக்கப்பட்டனர். வெற்றி தோல்வியில் பிழைப்பும் கலந்த பிறகு கனவான்களின் நம்பிக்கை மட்டும் போதவில்லை. 1891இல் நடுவர் களத்தினுள் வந்தார், கண்காணிப்பாளர்கள் கோட்டோரம் ஒதுங்கினர். யாரும் முறையிடாமலேயே தீர்ப்பளிக்கும் அதிகாரமும் சில ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது.

அதிகாரம் வந்ததுமே, அதற்கு இவர் தகுதியானவரா என்ற கேள்வியும் வந்தது. 1893இல் லண்டனில் நடுவர் சங்கம் ஒன்று அமைந்தது. புதிதாக வருவோரைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது அதன் பணிகளுள் ஒன்று. பிற்காலத்தில் ஃபிஃபாவின் தலைவராக உயர்ந்த ஸ்டான்லி ரௌஸ் ஒரு பள்ளி ஆசிரியர். விடுமுறை நாட்களில் ஆட்டம் நடத்தி நடத்தியே மேலேறியவர், 1934இல் இங்கிலாந்துக் கோப்பை இறுதியாட்டத்தின் நடுவரானார். 1938இல் ஆட்டவிதிகளை ஒழுங்குபடுத்தித் திருத்தி எழுதியவரும் அவரே. இன்று அவ்விதிகள் 17.

இந்தியாவில் தேசிய அளவிலான கால்பந்துக் கூட்டமைப்பு 1937இல் உருவாயிற்று. இங்கும் நடுவர்கள் பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டிருக்கிறார்கள். எண் குறையக் குறையத் தகுதி கூடும், முதல் பிரிவினரே தேசிய நடுவர். தொடங்குபவர் விதிகளில் எழுத்துத் தேர்வும் உடல்தகுதித் தேர்வும் எழுதித் தேற வேண்டும். பிறகு பள்ளி ஆட்டங்கள், உள்ளூர் லீக் என்று ஆண்டுக்கணக்கில் ஊதல் ஊத வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவர் ஓரமாக அமர்ந்து அவர் நின்ற இடம், ஓடிய திசை, காட்டிய சைகை எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். அடுத்த படி அந்தக் குறிப்பைப் பொறுத்தது. பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள்.

உச்சியில் இருப்பது ஃபிஃபா பட்டியல். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் அங்கு ஏறியவருக்கும் இடம் நிலையானதன்று. சர்வதேச ஆண் நடுவர் 40 மீட்டர் தூரத்தை ஆறு வினாடிக்குள் ஆறு முறை ஓடிக் காட்ட வேண்டும். பின்னர் 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, 25 மீட்டரை 18 வினாடியில் நடக்க வேண்டும், இப்படி 40 முறை. ஆட்டக்காரருக்கு இத்தகைய தேர்வு எதையும் விதிநூல் வைக்கவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

இந்த ஏணியில் ஏறிச் சென்ற தமிழர்கள் உண்டு. 2002இல் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்த உலகக் கோப்பையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் துணை நடுவராகப் பணியாற்றினார். உலகக் கோப்பையில் பணியாற்றிய முதல் இந்திய நடுவர் அவர். 1950இல் வாய்ப்புக் கிடைத்தும் இந்திய அணி போகவில்லை, அதன்பின் தகுதி பெறவும் இல்லை. நம் ஆட்டக்காரர் எவரும் கால் வைக்காத அக்களத்தில் கொடியுடன் ஓடியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதேபோல், ஆட்டக்காரராகத் தொடங்கிய திண்டுக்கல் ரூபாதேவி 2016இல் ஃபிஃபா பட்டியலில் இடம்பெற்றார். தமிழ்நாட்டிலிருந்து அவ்விடத்தை அடைந்த முதல் பெண் அவர்.

திண்டுக்கல்லும் சென்னையும் கால்பந்து ஊறிய ஊர்கள். கொல்லிமலையில் பிறந்த ஓர் இளைஞர் நடுவராக விரும்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்போம். அவர் ஏற வேண்டிய முதல் படி மலைக்குக் கீழே இருக்கிறது. சோளக்காட்டிலிருந்து அடிவாரமான காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கப்பால் நகரம். தேர்வுக்கு ஒருமுறை இறங்கி வந்துவிடலாம். ஆனால் தேர்வில் தேறியதோடு எவரும் நடுவராகிவிடுவதில்லை, நூறு ஆட்டங்களில் நின்று பழகித்தான் ஆகிறார். அந்த நூறு ஆட்டங்களும் சமவெளியில் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போகும். மிளகு பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் போவது சிறிய இழப்பன்று.

யாருடைய மகன் என்று கேளாமல், விதி தெரியுமா, ஓட முடியுமா என்று மட்டும் கேட்பதே இந்த ஏணியின் பெருமை. ஊர்த்தலைவரின் பிள்ளைக்கும் கூலிக்காரரின் பிள்ளைக்கும் அதில் ஒரே வினாத்தாள். ஆனால் பிறப்பை விலக்கிய அந்த ஏணி, பிறந்த ஊரை இன்னும் விலக்கவில்லை. பயிற்சி முகாமுக்கு வேண்டியவை அதிகமில்லை. பள்ளி மைதானம் ஒன்று, விதிநூல், சில ஊதல்கள், கற்றுத்தரத் தெரிந்த ஒருவர். இளைஞர் நூறு முறை இறங்குவதைவிட அந்த ஒருவர் சில முறை மலையேறுவது எளிது.