துளை போட்ட கைகள்
இந்திய விமானத் தொழிலின் வரலாற்றை, வால்சந்த் ஹிராசந்த் 1940-ல் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம், 1951-ல் பறந்த எச்.டி.-2 விமானம், அதை வடிவமைத்த வி. எம். காட்கே என்று வரிசையாக எழுதிவிடுகிறோம். தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டின் தலை வெளியே துருத்தாமல் தகட்டோடு தகடாகப் பதிய, துளையைப் பக்குவப்படுத்திய தொழிலாளிக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் அந்தத் தேர்ச்சியைப் பெற்றெடுத்ததே பட்டறைதான். வால்டர் வின்சென்டி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் இதைத் துருவிப் பார்த்தார். இன்னார் கண்டுபிடித்தார் என்று சொல்ல அவருக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. 1930-களில் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில், தத்தம் வழியில் தட்டுத்தடுமாறி இதைக் கற்றிருந்தன. ரிவெட் தலையின் கோணம்கூட ஆளுக்கொன்றாக இருந்து, பிறகுதான் 100 டிகிரி பொது அளவானது.

காற்றின் இழுவையை அளந்தவை ஆய்வுக்கூடங்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான், துருத்திய தலையால் எவ்வளவு வேகம் குறைகிறது என்பதை அவை சொல்லின. துளையை எப்படிப் போடுவது என்பதைத் தகடுதான் சொல்லிக்கொடுத்தது. சிறு விமானங்களில் பெரிதும் பயன்படும் ரிவெட்டின் தண்டு விட்டம் 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் கனமாவது இருந்தால்தான் தகட்டைக் கூம்பாகக் குடைந்து தலையை உட்கார வைக்கலாம். மெல்லிய தகட்டில் குடைந்தால் துளையின் ஓரம் கத்திமுனை போலாகி, நாளடைவில் விரிசல் விடும். ஆகவே அங்கே குடைவதில்லை. ஆண், பெண் அச்சுகளுக்கு நடுவே தகட்டை வைத்து அழுத்திக் குழி விழச் செய்கிறார்கள். அதற்கு முன் துளையோரப் பிசிறை எடுத்தாக வேண்டும். ஒரு சுற்றில் எடுக்க வேண்டிய பிசிறை நான்கு சுற்றுச் சுற்றினால் ஓரமே தேய்ந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பது விரலுக்குத்தான் தெரியும்.

மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு இத்தனை பாடு எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. அதற்கு உருண்டைத் தலை ரிவெட்டே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரான்சின் மிஷெல் கொலோம்பான் 1973-ல் பறக்கவிட்ட கிரி-கிரி என்ற சிறு விமானத்தின் இறக்கைத் தகடு பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டதுதான். ஆனால் துளை என்பது வேகத்தோடு முடிகிற விஷயமல்ல, ஆயுளையும் தொட்டது. 1954-ல் கடலில் விழுந்த காமெட் விமானத்தின் கூரைத் தகட்டை மீட்டுப் பார்த்தபோது, விரிசல் ஒரு துளையின் ஓரத்திலிருந்தே புறப்பட்டிருந்தது.

பெங்களூர்க்காரர்கள் இந்தப் பாடத்தைப் படித்தது பழுதுபார்ப்பில் என்பது என் கணிப்பு. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் அங்கே பழுதுபார்க்கப்பட்டன. போர் முடிந்ததும் கான்பூரில் வேண்டுமென்றே சிதைத்துப் போடப்பட்டிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் சுமார் 40-ஐ மீட்டு, 1948 முதல் விமானப்படைக்குக் கொடுத்தார்கள். அவை 1968 வரை பறந்தன. பழைய ரிவெட்டைத் துளை பெரிதாகாமல் துரப்பணமிட்டு எடுப்பது, புதிதாகத் துளை போடுவதைவிடக் கடினம். மும்பையில் வீட்டு மொட்டைமாடியில் அமோல் யாதவ் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டியது செய்தியாயிற்று. பெங்களூர்ப் பட்டறைக் கைகளைப் பற்றியோ யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. உங்கள் ஊரில் அந்தப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் எவரேனும் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள்.