புல்லுக்கும் ஒரு சட்டம்

புல் ஓரடிக்கு மேல் வளர்ந்தால் குற்றம்! வாசலில் காய்கறி பயிரிட்டால் தண்டம்! முன்புறம் வேலி கட்டினால் விதிமீறல்! கேட்பவர் நகைப்பர். எந்த மன்னன் காலத்துக் கட்டளை இது என்று வினவுவர். மன்னன் காலத்ததன்று, தோழர்களே! மக்களாட்சியின் மாண்பினை உலகுக்கு எடுத்துரைக்கும் அமெரிக்க நாட்டில், தன் பணத்தால் மனை வாங்கி வாழும் குடிமகனுக்கு விதிக்கப்பட்ட கட்டளைகள் இவை. அங்குப் பல நகரங்களில் இன்றும் 8 அங்குலம், 10 அங்குலம், 12 அங்குலம் என்று புல்லின் உயரத்துக்கு வரம்பு உண்டு. வரம்பு மீறினால் முதலில் அறிவிப்பு வரும். அதற்கும் பணியாவிட்டால் நகராட்சியே ஆளனுப்பி வெட்டும். வெட்டுக்கூலி வீட்டுக்காரர் தலையில் விழும்.

ஒரு விதியைக் கண்டால் அதன் பிறப்பைக் கேட்பது பகுத்தறிவாளர் கடமை. புல்லுக்கு இத்தனை பெருமை எங்கிருந்து வந்தது?

அரண்மனையிலிருந்து வந்தது! பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில், லெ நோத்ரே என்னும் தோட்டக் கலைஞர் அமைத்த நீண்ட புல்தரைக்குப் ‘பச்சைக் கம்பளம்’ என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அந்தக் கம்பளத்தை மேலும் விரித்தனர். ‘கேப்பபிலிட்டி பிரவுன்’ என அழைக்கப்பட்ட லான்சிலாட் பிரவுன் (1716–1783) பிரபுக்களின் மாளிகை வாயில்வரை புல் பரப்பிக் கொடுத்துப் புகழ் பெற்றார்.

எண்ணிப் பாருங்கள். உழுதால் கோதுமை தரும் நிலத்தை வெறும் புல்லாக விட்டுவைக்க யாரால் முடியும்? விளைச்சலை நம்பி வாழாதவனால் மட்டுமே முடியும். ‘எனக்கு இந்த நிலத்தின் விளைவு தேவையில்லை’ என்ற செருக்கின் சின்னமே அந்தப் புல்வெளி! அதைக் கெடுக்கும் வகையில் கண்ணில் பட்ட குடிசைகளைக் கூடச் சில பிரபுக்கள் பொறுக்கவில்லை. நூன்ஹம் கோர்ட்னி என்னும் ஊரை 1760களில் ஹார்கோர்ட் பிரபு பெயர்த்து அகற்றினார். மில்டன் ஆபஸ் என்னும் ஊரை மில்டன் பிரபு இடித்துத் தள்ளி, மக்களை வேறிடத்தில் கட்டிய வீடுகளுக்கு அனுப்பினார். மாளிகையின் சாளரத்திலிருந்து பார்க்கும்போது அழகு வேண்டுமாம்; அந்த அழகில் ஏழையின் கூரை தெரியக் கூடாதாம்! 1604 முதல் 1914 வரை இங்கிலாந்தில் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை வேலிக்குள் அடைத்தன. பொதுவில் ஆடு மாடு மேய்த்த உழவன், வேலிக்கு வெளியே நின்றான்.

செல்வனின் புல் நடுத்தர மக்களின் வாசலுக்கு வர ஒரு பொறி துணை செய்தது. 1830இல் ஸ்ட்ரவுட் என்னும் நெசவு ஊரில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் பொறியைக் கண்டு, காப்புரிமை பெற்றார். ஆலையில் துணியின் மேற்புறத்து நூற்சிலும்பலைச் சீவும் உருளைக் கத்தியைப் புல்லுக்குப் பயன்படுத்தியதே அவர் செய்த புதுமை. ஆட்டு மந்தையும் அரிவாள் ஏந்திய கூலிப்படையும் செய்த வேலையைத் தனியொருவர் செய்யலாம் என்ற நிலை வந்தது.

அமெரிக்கா அதைப் பற்றிக் கொண்டது. சிகாகோ நகருக்கு அருகே ரிவர்சைட் என்னும் புறநகரை 1869இல் வகுத்த பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், சாலையிலிருந்து 30 அடி தள்ளியே வீடு எழவேண்டும் என்றார். 1870இல் பிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீட்டுத் தோட்டம் பற்றி நூல் எழுதினார். வேலியிட்டுத் தோட்டத்தை அயலார் பார்வையிலிருந்து மறைப்பது கிறித்தவப் பண்பாகாது என்பது அவர் வாதம்! புல்லுக்கு மதமும் துணைக்கு வந்துவிட்டது. அதன்பின் சட்டம் வரத் தடை ஏது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஓரடிக்கு மேல் வளர்ந்த களையைத் தடுத்த செயின்ட் லூயிஸ் நகரின் விதியை மிசூரி மாநில உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இனி, இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்துக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் ஒரு நகரையே படைத்தது. 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பெயர் லெவிட்டவுன். அங்குக் குடியேறியவர்மீது நிபந்தனைகள் அடுக்கப்பட்டன. ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை வாரம் ஒரு முறையேனும் புல்லை வெட்டவேண்டும். கட்டிய வேலியும் கூடாது, வளர்த்த வேலியும் கூடாது. விடுமுறை நாளில் வெளியே துணி உலர்த்தக் கூடாது.

இவ்வளவுதானா? இல்லை. தொடக்கத்தில் அங்கு வீடுகள் வாடகைக்கு விடப்பட்டன. அந்த வாடகை ஒப்பந்தத்தில் 25ஆம் விதி என்று ஒன்று இருந்தது. வெள்ளையர் அல்லாத எவரும் இவ்வீட்டில் குடியிருக்கக் கூடாது என்றது அது. வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு உண்டு! ஏவல் செய்யக் கறுப்பர் உள்ளே வரலாம். உரிமையோடு வாழ வரக் கூடாது. புல்லிலே களை கலக்கக் கூடாது என்றவர்கள், தெருவிலே கறுப்பர் கலக்கக் கூடாது என்றனர். ஊருக்கு ஒரு வரிசை, சேரிக்கு ஒரு வரிசை கண்ட நமக்கு இந்த விதியின் முகம் புதியதா?

ஒரு நிறுவனத்தின் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக் கடனுக்கு உறுதி அளித்த அமெரிக்க அரசின் துறையே 1930களில் இத்தகைய நிறத்தடை நிபந்தனைகளை வரவேற்றுக் கையேட்டில் எழுதி வைத்தது. 1948 மே மாதத்தில், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர இயலாது என்று அந்நாட்டின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டில் விதி வீழ்ந்தது, நெஞ்சில் வீழ்ந்ததா? 1957 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலத்து லெவிட்டவுனில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்னும் கறுப்பின இணையர் வீடு வாங்கிக் குடிபுகுந்தனர். கூட்டம் திரண்டது. கல் பறந்தது; சாளரம் நொறுங்கியது. மாநிலக் காவற்படை வந்தே அமைதி காக்க வேண்டியிருந்தது. எல்லோர் வாசலிலும் ஒரே அளவாகப் புல் வெட்டப்பட்டிருந்த ஊரில் நடந்தது இது! வீடு விற்பதில் நிறவேற்றுமையைத் தடுக்கும் நாடளாவிய சட்டம் 1968இல்தான் வந்தது.

பின்னர் புல்லின் ஆட்சியையும் சிலர் எதிர்த்தனர். விஸ்கான்சின் மாநிலத்து நியூ பெர்லினில், வனவிலங்கு ஆய்வாளர் ஒருவர் தம் மனையில் இயற்கையான புல்லும் பூவும் வளரவிட்டார். வழக்கு வந்தது. எலி பெருகும், தீப்பற்றும், மகரந்தத்தால் நோய் வரும் என்றது நகராட்சி. சான்று எங்கே என்றது நீதிமன்றம். சான்று நிற்கவில்லை, 1976இல் அவர் வென்றார். அச்சத்தைக் காட்டி ஆள நினைப்பவர் முன் ‘சான்று எங்கே?’ என்ற இரு சொற்கள் எத்துணை வலிவுடையவை!

2014இல் கலிபோர்னியா வறட்சியில் வாடியது. தண்ணீரை வீணாக்குவோர்க்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை தண்டம் என்று ஜூலை மாதம் மாநில நீர்வாரியம் விதி செய்தது. அதே நாட்களில், தண்ணீரைச் சேமித்ததால் புல் காய்ந்துபோன ஒரு வீட்டாருக்கு, ‘ஏன் பசுமை இல்லை?’ என்று எச்சரிக்கை மடல் சென்றது! ஊற்றினாலும் குற்றம், ஊற்றாவிட்டாலும் குற்றம். வறட்சிக் காலத்தில் காய்ந்த புல்லுக்காக வீட்டுச் சங்கங்கள் தண்டம் விதிப்பதை அம்மாநிலம் பின்னர்ச் சட்டத்தால் தடுத்தது. புளோரிடாவில் மையாமி ஷோர்ஸ் என்னும் சிற்றூர் 2013இல் முன்முற்றக் காய்கறித் தோட்டத்தைத் தடைசெய்தது. பதினேழு ஆண்டுகளாகக் காய்கறி விளைவித்த இணையர், நாள்தோறும் 50 டாலர் தண்டத்துக்கு அஞ்சித் தங்கள் செடிகளைப் பிடுங்கினர். நீதிமன்றத்தில் தோற்றனர். ஆயினும் 2019இல் மாநிலச் சட்டமன்றமே அத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் செய்தது. புல் இருக்கலாம், கத்தரி இருக்கக் கூடாது என்பதில் பிரபுவின் பழைய செருக்கு ஒலிக்கவில்லையா? உண்ணத் தரும் செடி அவமானமாம். உண்ண உதவாத புல் மதிப்பாம்!

மனைக்கு விதியே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். காட்டுத்தீ பரவும் இடங்களில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை எரிபொருளாகும் புதரைக் குறைக்க வேண்டும் என்கிறது கலிபோர்னியச் சட்டம். அது உயிர் காக்கும் விதி. தெருமுனையில் வண்டியோட்டியின் பார்வையை மறைக்கும் செடியை வெட்டச் சொல்வதும் அத்தகையதே. பாலைவனத்து நெவாடாவில், புல்லை அகற்றும் வீட்டுக்காரர்க்குப் பணமே தருகின்றனர். கொலராடோ ஆற்றின் நீர் குறைந்து வருவதை அளந்து கண்டதன் விளைவு அது. இவ்விதிகளைக் காரணம் கேட்டால் விடை கூறும்.

காரணம் கேட்டால் ‘வழக்கம்’ என்றும், ‘கௌரவம்’ என்றும், ‘அக்கம்பக்கத்தார் மதிப்பு’ என்றும் மழுப்பும் விதியைக் கண்டால் விழிப்புற வேண்டும். அவ்விதி யாரைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்க வேண்டும். வெர்சேல்ஸில் விரித்த கம்பளம் லெவிட்டவுன் வாசல்வரை வந்தபோது, கூடவே மேட்டிமையும் வந்தது. அதைக் கேள்வி கேட்டவர்கள் ஆட்சியாளர்கள் அல்லர். களை என்று பிறர் இகழ்ந்ததை வளர்த்தவர்களும், வாசலில் காய்கறி நட்டவர்களும், கல்லெறிக்கு நடுவே கதவைத் திறந்து குடியிருந்தவர்களுமே!